16×2 எல்சிடியில் தமிழ் வருமா?

கேள்வி, 2 ஜூன் 2024
16×2 எல்சிடி ஒன்றை ஆர்டுயினோ ஊனோ என்ற நிரல் பலகையோடு இணைத்திருக்கிறேன். பின்விளக்கு எரிகிறது. மேல் வரிசையில் பதினாறு கறுப்புக் கட்டம், கீழ் வரிசை காலி. திரை செத்துவிட்டதா? இன்னொன்று, இந்த வகைத் திரையில் தமிழ் வரவே வராது, வீணாக முயல வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

3 ஜூன்
திரை சாகவில்லை. மேல் வரிசை மட்டும் கறுத்திருந்தால் மின்சாரம் போயிருக்கிறது, தொடக்கக் கட்டளை போய்ச் சேரவில்லை என்று பொருள். முதலில் ஊசிகளைப் பாருங்கள். சால்டர் வைக்காமல் பதினாறு ஊசியையும் துளையில் செருகி, தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று விட்டிருக்கிறீர்களா? என்னுடைய முதல் திரை இரண்டு நாள் கறுத்துக் கிடந்தது அதனால்தான். தொட்டுக்கொண்டிருப்பது போதாது, ஈயம் வைத்தே ஆகவேண்டும்.

அடுத்தது ஐந்தாவது ஊசி, ஆர்டபிள்யூ. அதைத் தரையில் (ஜிஎன்டி) இணையுங்கள், தொங்கவிடாதீர்கள். எழுத்தின் கறுப்பைக் கூட்டிக் குறைக்கும் மூன்றாவது ஊசிக்கு 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கால். அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

தமிழைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது.

4 ஜூன்
கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. இந்தத் திரைகளில் ஹிட்டாச்சியின் எச்டி44780 அல்லது அதைப் பார்த்துச் செய்த சில்லு இருக்கும். எழுத்து வடிவங்கள் அதற்குள்ளேயே அச்சாகி வருகின்றன. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் ஆங்கிலமும் ஜப்பானியக் கத்தகானாவும் கொஞ்சம் கிரேக்கமும் உண்டு. தமிழ் இல்லை.

ஆனால் நாமே வரைந்து வைக்க எட்டு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். எட்டு எழுத்து, எட்டு வரிசை, மொத்தம் 64 பைட். தமிழ் வரவேண்டுமானால் இந்த எட்டுக்குள் வரவேண்டும்.

நான் இதில் இறங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சி. மொட்டைமாடியில் நாலடி ஆழமுள்ள சிமெண்டுத் தொட்டி. பகலில் மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் ஆச்சிதான். தொட்டி நிறைந்து வழிந்து சுவர் நனைந்த பிறகுதான் நிறுத்துவாள், இல்லையென்றால் பாதியிலேயே நிறுத்திவிடுவாள். எண்பது வயதில் அவளை ஏணியில் ஏற்றவா முடியும்? தொட்டி மூடியில் மீயொலி உணரி (ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது), அடுப்படியில் ஒரு திரை, இவ்வளவுதான் திட்டம். ஆச்சிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

4 ஜூன், இரவு
எழுத விட்டுப்போனது. முதல் நாள் நான் செய்த காரியம், நிரலில் ‘மட்டம்’ என்று நேராகத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பியதுதான். திரையில் வந்தது கிரேக்க ஆல்பாவும் ஜப்பானிய எழுத்தும். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னல இது, சப்பான்காரன் கடுதாசியா?” என்றாள். சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

காரணம் பிறகு புரிந்தது. கணினி எழுத்துகளை எண்ணாக்கி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் பதினாறடிமான இ0. இந்தச் சில்லின் ஜப்பானியப் பட்டியலில் அந்த இடத்தில் ஆல்பா உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது பைட் ஏஇ அல்லது ஏஎஃப், இரண்டுமே கத்தகானா. ஆக எந்தத் தமிழ்ச் சொல்லை அனுப்பினாலும் ஆல்பா, கத்தகானா, மறுபடி ஆல்பா என்றுதான் ஓடும். ‘மட்டம்’ என்பதில் புள்ளிகளையும் சேர்த்து ஆறு குறி, 18 பைட். பதினாறு கட்டத்துக்குள்ளேயே அடங்காது.

6 ஜூன்
கேட்டவரின் திரை உயிர்பெற்றுவிட்டதாம். ஊசிதான். சந்தோஷம்.

9 ஜூன்
எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் எனக்கு ஒரு வாரம் போயிற்று. ‘தண்ணீர்’ என்று போட ஆசை. ண ஒன்றே மூன்று சுழி. ஐந்து புள்ளி அகலத்தில் மூன்று சுழி வரைந்தால் அது வெறும் கறை. இரண்டு கட்டமாக நீட்டினால், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே திரையிலேயே ஒரு இடைவெளி இருக்கிறது, அங்கே கோடு அறுந்து நிற்கும். ‘நீர்’ பரவாயில்லை, ஆனால் ந மனதுக்குப் பிடிக்கவில்லை.

ஆச்சி தினமும் பேப்பரில் முதலில் பார்ப்பது அணை நிலவரம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இந்த மூன்று எண்ணும் இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்றைக்கு எத்தனை அடி, நேற்றைக்கு எத்தனை, கார் பருவ நடவுக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பதுதான் வீட்டில் காலைப் பேச்சு. நான் நூற்றுக்கு இத்தனை என்று சதவீதத்தில் காட்டத் திட்டமிட்டிருந்தேன். ஆச்சி, “சதவீதமெல்லாம் எனக்கெதுக்கு? நம்ம அணை எத்தன அடின்னு சொல்லு” என்றாள்.

உடனே சொல் கிடைத்துவிட்டது. மட்டம், அடி. ட வெறும் இரண்டு கோடு. ம நேர்கோடுகளாலேயே நிற்கும். தமிழில் கோணமான எழுத்து மிகக் குறைவு, இந்தச் சொல் முழுக்க அந்த எழுத்துகளாலேயே ஆனது.

ம, ட், ட, ம் நாலு இடம். அ மட்டும் இரண்டு கட்டம். டி ஒன்று. மொத்தம் ஏழு. எட்டாவதில் மோட்டார் ஓடும்போது காட்ட ஒரு சின்னம்.

10 ஜூன்
ஒருவர் வரிசைகளைக் கேட்டிருந்தார். ட இது:

00000
00000
10000
10000
10000
10000
11111
00000

ம் இது:

00100
00000
10111
10101
10101
10101
11111
00000

ம வேண்டுமானால் மேலே இருக்கும் புள்ளியை எடுத்துவிடுங்கள். ட் வேண்டுமானால் ட-வின் தலையில் அதே புள்ளியை வையுங்கள். கடைசி வரிசையைக் காலியாக விட்டிருக்கிறேன், சுட்டிக்கோடு வரும் இடம் அது.

11 ஜூன்
ஒரு திருத்தம். நேற்று கொடுத்தது என் இரண்டாவது வரைவு. முதல் வரைவில் ம-வை ஆறு வரிசை உயரமாக வரைந்து, புள்ளி வைத்த ம் மட்டும் குள்ளமாக ஐந்து வரிசையில் இருந்தது. இரண்டும் ஒரே சொல்லில் வரும்போது வீட்டில் வளர்ந்த பிள்ளையும் வளராத பிள்ளையும் போல நின்றன. புள்ளிக்கு இடம் விட்டு எல்லா எழுத்தையும் ஒரே உயரத்தில் வரையவேண்டும், புள்ளி இல்லாத எழுத்தையும் சேர்த்து.

13 ஜூன்
எழுத்தைப் பதிந்த பிறகு திரையில் எதுவுமே வரவில்லை என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். எழுத்து வடிவத்தைப் பதிந்ததும் சில்லின் முகவரிக்குறி வடிவ நினைவிலேயே நிற்கும். அடுத்து நீங்கள் அச்சிடுவதும் அங்கேயே போய் விழுந்து வடிவத்தைக் கெடுக்கும். பதிந்து முடித்ததும் சுட்டியை முதல் கட்டத்தில் கொண்டுபோய் வையுங்கள், அப்புறம் அச்சிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உங்களுக்கு வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இடத்தின் எண் சுழியம். அதைச் சரத்துக்குள் வைத்தால் நிரல் அங்கேயே சரம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். சுழியத்துக்குப் பதில் 8 என்று எழுதுங்கள். 8 முதல் 15 வரை உள்ள எண்களும் அதே எட்டு வடிவத்தைத்தான் காட்டும்.

24 ஜூன்
ஆனித் தேரோட்டத்துக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பத்து நாளாக எதையும் தொடவில்லை. திரை மட்டும் அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்தது. வந்த அத்தை, மைனி, பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர் திறக்குமுன் அதைப் பார்த்தார்கள். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ‘மட்டம் 3.2 அடி’ என்று எழுதியிருக்கிறதே.

27 ஜூன்
இன்று பெரிய தொல்லை. மோட்டார் போட்டதும் திரை முழுக்கக் குப்பை எழுத்து. நிறுத்தினாலும் போகவில்லை. ஊனோவை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது. ஜூன் தொடக்கத்திலிருந்தே இரண்டு மூன்று முறை வந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

28 ஜூன்
காரணம் ஓரளவு பிடிபட்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி வந்தபோது எங்கள் பின்கட்டில் மோட்டாரும் ஸ்டார்ட்டர் பெட்டியும் மூழ்கின. அதன் பிறகு அப்பா ஸ்டார்ட்டரை மேலே ஏற்றி அடுப்படிச் சுவரில் வைத்துவிட்டார். நான் திரையை மாட்டியது அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி. ஸ்டார்ட்டர் ‘டொக்’ என்று விழும்போது எழும் மின்னதிர்ச்சி திரையின் கம்பியில் ஏறுகிறது.

நாலு கம்பி முறையில் ஒரு பைட் இரண்டு பாதியாகத்தான் போகும். நடுவில் ஒரு பொய்த்துடிப்பு புகுந்தால், சில்லு இரண்டாம் பாதியை முதல் பாதி என்று நினைத்துக்கொள்ளும். அதன் பிறகு வருவதெல்லாம் அரை பைட் தள்ளியே விழும், தானாகச் சரியாகாது.

29 ஜூன்
செய்து பார்த்தவை. திரையின் மின்னூசிகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, பாதி குறைந்தது. உணரியின் கம்பியை மோட்டார் கம்பியோடு ஒரே குழாயில் விட்டிருந்தேன், அதைப் பிரித்தேன், இன்னும் குறைந்தது. திரையை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா என்றதற்கு ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. சுவிட்சில் கை வைத்துக்கொண்டே பார்க்கவேண்டுமாம். அவள் சொல்வதுதான் சரி, திரை இருக்கவேண்டிய இடம் அது.

ஆகவே மிச்சத்தை நிரலில் பார்த்துக்கொண்டேன். நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் புதிதாகத் தொடங்கவைத்து, எட்டு எழுத்தையும் மறுபடி பதிகிறேன். தொடக்கக் கட்டளை எந்தக் குழப்பத்திலிருந்தும் சில்லை மீட்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், ஒரே கட்டளையை மூன்று முறை அனுப்புவது அதற்காகத்தான். எழுத்துகளைப் பதிய மறக்கவேண்டாம், குப்பை வடிவ நினைவிலும் விழுந்திருக்கலாம்.

2 ஜூலை
இரண்டு கம்பியில் பேசும் ஐ2சி பலகை போட்டால் இந்தத் தொல்லை இராது என்று பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை அண்ணாச்சி. அந்தச் சின்னப் பலகையிலிருக்கும் பிசிஎஃப்8574 சில்லும் திரையோடு நாலு கம்பியில்தான் பேசுகிறது. கம்பி குறையும், அது லாபம். குழப்பம் குறையாது.

நானும் அதைத்தான் முதலில் போட்டேன். ஊனோவை மாடியில் வைத்து, பன்னிரண்டு மீட்டர் கம்பியில் ஐ2சியைக் கீழே இறக்கினேன். திரை வரவேயில்லை. ஐ2சி ஒரே பெட்டிக்குள் பலகைக்குப் பலகை பேச உருவான முறை, கம்பி முழுவதற்கும் 400 பிக்கோஃபாரட்தான் வரம்பு. நீளக் கம்பி ஒன்றே அதைத் தின்றுவிடும். இப்போது ஊனோ அடுப்படியில் திரைக்குப் பின்னாலேயே இருக்கிறது, உணரியின் கம்பிதான் மாடிக்குப் போகிறது.

அந்தப் பலகை போடுபவர்களுக்கு: முகவரி பதினாறடிமான 27 வேலை செய்யவில்லையென்றால் 3எஃப் போட்டுப் பாருங்கள். சில்லின் பெயர் ஏ என்று முடிந்தால் அதுதான்.

3 ஜூலை
கேட்டவர் இப்போது ஊனோவை விட்டு இஎஸ்பி8266 என்ற வைஃபை பலகைக்கு மாறப்போகிறாராம். கவனம். அது 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் எச்டி44780, 2.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே ஒன்று என்று ஏற்றுக்கொள்ளும், ஆகவே நேரடிக் கம்பி ஓடும். பிசிஎஃப்8574 அப்படியல்ல, 5 வோல்ட்டில் அதற்கு 3.5 வேண்டும். சிலருக்கு ஓடும், சிலருக்கு ஓடாது. நிலை மாற்றிப் பலகை ஒன்று நடுவில் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பலகையின் இழுமின்தடைகள் 5 வோல்ட்டை இஎஸ்பியின் காலுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும்.

11 ஜூலை
அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். திரையில் 3.8 அடி. டேப்பில் 3 அடி ஒன்பதரை அங்குலம். “உன் கருவி ஒன்றரை அங்குலம் பொய் சொல்லுது” என்றார். கருவி சரிதான். 3.8 என்பதை அவர் மூன்றடி எட்டங்குலம் என்று படித்திருக்கிறார். ஆச்சியும் அப்படித்தான் படிக்கிறாள் என்று கேட்ட பிறகு தெரிந்தது. ஐந்து வாரமாகத் திரை ஒன்று சொல்ல, படித்தவர்கள் வேறொன்று புரிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அணை நிலவரத்தில் 98.35 என்று வந்தால் அங்குலம் யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் அணையை யாரும் டேப்பால் அளப்பதில்லை. சொந்தத் தொட்டி வேறு.

12 ஜூலை
ஆச்சியிடம் கேட்டேன், நீ எப்படிச் சொல்லுவாய் என்று. “மூணே கால், மூணரை, மூணே முக்கால்.” கால் அடி மூன்று அங்குலம். கீழ் வரிசையில் நான் வைத்திருக்கும் கறுப்புப் பட்டை பதினாறு கட்டம், தொட்டி நாலடி. ஒரு கட்டம் சரியாகக் கால் அடி! இதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, அதுவாகவே அமைந்தது.

ஆனால் ¼, ½, ¾ மூன்றும் ஜப்பானியப் பட்டியலில் கிடையாது. மூன்றும் வரையவேண்டும், இருப்பதோ ஒரே இடம், அதிலும் மோட்டார் சின்னம்.

15 ஜூலை
விடை கிடைத்துவிட்டது. எட்டு என்றால் ஒரே நேரத்தில் எட்டு. நிரல் ஓட ஓட வடிவத்தை மாற்றிப் பதியலாம். மூன்று பின்னமும் ஒருசேரத் திரையில் வரப்போவதில்லையே. மட்டம் மாறும்போது எட்டாவது இடத்தில் அப்போது வேண்டிய பின்னத்தைப் பதிகிறேன். பதிந்த கணமே திரையிலிருக்கும் கட்டமும் தானாக மாறிவிடுகிறது, மறுபடி அச்சிடக்கூட வேண்டாம். மோட்டார் சின்னத்தை எடுத்துவிட்டேன். மோட்டார் ஓடினால் பட்டையின் நுனியில் சுட்டியைச் சிமிட்டவிடுகிறேன். அந்தக் கட்டளை சில்லிலேயே இருக்கிறது, இடம் எதுவும் கேட்பதில்லை.

திரை துடிக்கிறது என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தாரே, அவருக்கும் இதிலேயே பதில். ஒவ்வொரு முறையும் முழுத்திரையை அழிக்காதீர்கள். அழிக்கும் கட்டளைக்கு ஒன்றரை மில்லிவினாடி, ஒரு எழுத்து எழுத 37 மைக்ரோவினாடி. மாறிய கட்டத்தை மட்டும் எழுதினால் போதும்.

19 ஜூலை
ஓஎல்இடி வாங்கினால் எந்தத் தமிழும் வருமே, எதற்கு இந்த எட்டுக்குள் மல்லுக்கட்டு என்று கேட்டிருந்தார்கள். யோசித்தேன். பகல் இரவு ஒரே சொல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் ஓஎல்இடியில் அந்தப் புள்ளிகள் மட்டும் மங்கிப்போகும். அங்கேயும் தமிழ் சும்மா வராது, கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பதை நாமேதான் செய்யவேண்டும்.

மறுநாள் மறுபடி யோசித்ததில், 128×64 வரைகலை எல்சிடி என்றால் இந்த இரண்டு குறையும் எனக்குத் தடையில்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் அதை வாங்கலாம். என் வீட்டில் ஆச்சி அடுப்பருகே நின்றபடி பார்ப்பது எழுத்தை அல்ல, கீழ்ப்பட்டையை. கிட்டே வந்தால் மட்டும் எழுத்து. அதற்கு இது போதும்.

8 ஆகஸ்ட்
மதியத்தில் மட்டம் தானாக ஏறுகிறது, யாரும் மோட்டார் போடவில்லை. ஒலிவேகம்தான். 20 பாகையில் வினாடிக்கு 343 மீட்டர், வெயிலில் தொட்டிக்குள் காற்று 40 பாகைக்குப் போனால் 355. ஒரு மீட்டர் தூரம் மூன்றரை சென்டிமீட்டர் குறைந்து தெரியும், தண்ணீர் அவ்வளவு கூடியதுபோலக் காட்டும். கால் அடிக்கு உருட்டிக் காட்டுவதால் பல நாள் மறைந்தே இருந்தது, எல்லைக்கு அருகில் இருக்கும் நாளில்தான் வெளிப்படுகிறது. உணரிக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன்.

அதே வெயில் திரையையும் தொடுகிறது. காலையில் அளவாக வைத்த மாறுபாடு இரண்டு மணிக்கு எழுத்துக்குப் பின்னாலுள்ள கட்டமெல்லாம் தெரியும்படி கறுத்துவிடுகிறது. மதியத்தில் சரியாக வையுங்கள். காலையில் கொஞ்சம் வெளிறினாலும் படிக்க முடியும்.

21 ஆகஸ்ட்
கரண்டு போய் வந்தபோது மேல் வரிசை மட்டும் கறுப்பு, முதல் கேள்வியில் இருந்த அதே நிலை. ஊசியெல்லாம் நன்றாக இருந்தது. மின்சாரம் மெதுவாக ஏறும்போது திரை எழுந்திருக்கும் முன்பே ஊனோ பேசி முடித்துவிடுகிறது. நிரலின் தொடக்கத்தில் அரை வினாடி காத்திருக்கச் சொன்னேன். இன்றைக்கு நாலு முறை கரண்டு போனது, நாலு முறையும் சரியாக வந்தது.

5 செப்டம்பர்
ஆச்சி பின்கட்டுக் கிணற்றுக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். ‘கிணறு’ வேண்டாம், அதில் ண இருக்கிறது. ‘ஆழம்’ என்று போடலாம். ஆ-வுக்கு இரண்டு கட்டம் கொடுக்கலாம், ம் கையில் இருக்கிறது. ழ-வை மூன்று நாளாக வரைகிறேன், ஒவ்வொரு முறையும் ம-வுக்கு வால் முளைத்தது போலத்தான் நிற்கிறது. ஐந்து புள்ளிக்குள் ழ-வை நிறுத்தியவர் யாராவது இருந்தால் எட்டு வரிசையையும் இங்கே போடுங்கள்.